லோட்டஸ் கவர் திருட்டா? ததனோரி யோகோவை முன்வச்சு ஒரு பதில்

மேலோட்டமா பாத்தா நீங்க கேட்டது ஒரு ஆல்பம் கவர் பத்தின கேள்வி. அமெரிக்க ராக் இசைக்குழு சாண்டானாவோட லோட்டஸ் இசைத்தட்டு கவரைப் பாத்திருக்கீங்க, நம்ம வீட்டு காலண்டர் சாமிப்படம் மாதிரியே தெரிஞ்சிருக்கு, வரைஞ்சவரு ஜப்பான்காரர்னு தெரிஞ்சதும் கூட இருந்த ஃப்ரெண்டு "இது சுத்தத் திருட்டு"ன்னு சொல்லிட்டாரு, அதனால "இது கலப்பா திருட்டா"ன்னு கேக்கறீங்க. ஆனா கடைசியில ஒரு வரி எழுதியிருக்கீங்க பாருங்க, உங்க காலேஜ் ப்ராஜெக்ட்ல தெருக்கூத்து முகத்தையும் ஜப்பானிய அலையையும் ஒண்ணா வச்சதுக்கு லெக்சரர் "இது பின்டரெஸ்ட் கலவை", அதாவது நெட்ல கிடைச்ச படங்களைச் சும்மா சேத்து வச்சதுன்னு சொல்லிட்டாருன்னு, உங்களுக்கு வலிக்கறது அங்கதான்னு நினைக்கறேன். ரெண்டு ஊர் படத்தை ஒரே தாள்ல வச்சா அது எப்ப டிசைன் ஆகுது, எப்ப வெறும் ஒட்டு வேலையா நின்னுடுது, இதுதான் நிஜமான கேள்வி. அதுக்கே பதில் சொல்ல முயற்சி பண்றேன், நடுவுல திருட்டு சமாச்சாரத்துக்கும் வர்றேன்.

என்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிடறேன், அப்பதான் எதை எவ்வளவு நம்பலாம்னு உங்களுக்குத் தெரியும். மெட்ராஸ்ல எழுத்தையும் படத்தையும் ப்ரோமைட் பேப்பர்ல எடுத்து, கையால வெட்டி ஒட்டி பேஸ்ட்அப் பண்ணிட்டிருந்த காலத்துலயே இந்தத் தொழிலுக்கு வந்தவன் நான், ஆஃப்செட், ஸ்கிரீன் பிரிண்டிங், காலண்டர், சினிமா ஹேண்ட்பில்னு எல்லாத்துலயும் கை வச்சிருக்கேன். கலை வரலாற்று ப்ரொஃபசர் இல்ல, ஜப்பானிய மொழியும் தெரியாது. அதனால படம், மை, தாள் பத்தி சொல்றதை கொஞ்சம் உறுதியா சொல்லுவேன், அந்த மனுஷன் மனசுல என்ன நினைச்சாருங்கறதெல்லாம் என் ஊகம்தான், அப்படியே எடுத்துக்கோங்க.

அந்தக் கவரை டிசைன் பண்ணவரு ததனோரி யோகோ. (ஜான் லெனன் மனைவி யோகோ ஓனோவுக்கும் இவருக்கும் சம்பந்தம் இல்ல, ஒவ்வொரு தடவையும் இதைச் சொல்ல வேண்டியிருக்கு.) 1936-ல ஹ்யோகோ மாகாணத்துல நிஷிவாகிங்கற ஊர்ல பிறந்தவரு, நூலுக்கு சாயம் போட்டு நெய்யற துணிக்குப் பேர் போன ஊர் அது. தத்து எடுத்து வளத்தவங்க கிமோனோ துணி வியாபாரம் பண்ணவங்க, துணிக் கட்டு மேல ஒட்டுற லேபிளைப் பாத்துதான் பையனோட கண்ணு பழகியிருக்கு. அந்த லேபிள்ல தங்கக் கலர், பூ, அலை, சூரியன், கொழகொழன்னு எழுத்துன்னு மலிவு அச்சுக்கு உரிய எல்லா ஆடம்பரமும் இருக்கும். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி எல்லாமே இதுல போய்தான் நிக்கும்.

அவரு டோக்கியோவுக்குப் போய் 1960-ல நிப்பான் டிசைன் சென்டர்ல சேர்றப்போ ஜப்பானிய டிசைன் முழுக்க ஸ்விஸ் பாணி சுத்தத்துல இருந்துச்சு, அளந்து போட்ட கட்டம், நிறைய வெள்ளை இடம், அலங்காரமே கூடாது. யூசாகு கமேகுரா பண்ண 1964 டோக்கியோ ஒலிம்பிக் போஸ்டர் பாத்திருப்பீங்க, வெள்ளையில ஒரு பெரிய சிவப்பு வட்டம், கீழ தங்கத்துல வளையங்கள், அவ்வளவுதான். அபாரமான வேலை, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா போர்ல தோத்து இருபது வருஷத்துல "பாருங்க நாங்க எவ்வளவு நவீனமாயிட்டோம்"னு உலகத்துக்குக் காட்டற அவசரமும் அந்தச் சுத்தத்துக்குள்ள இருந்துச்சு. துணி லேபிள், தீப்பெட்டிப் படம், பொதுக் குளியல் கூடத்துச் சுவத்துல இருக்கற ஃபூஜி மலை, இதெல்லாம் பட்டிக்காட்டுத்தனம்னு ஓரம் கட்டிட்டாங்க.

யோகோ அந்த ஓரம் கட்டுனதையெல்லாம் திரும்ப உள்ள கொண்டு வந்தாரு. 1965-ல டோக்கியோ மாட்சுயா கடையில பெர்சோனான்னு ஒரு டிசைனர்கள் கண்காட்சி, அதுக்கு அவரு போட்ட போஸ்டரை நெட்ல தேடி பெருசாக்கிப் பாருங்க, இந்தப் பதில்ல மத்ததெல்லாம் மறந்தாலும் அதை மட்டும் பாத்துடுங்க. நடுவுல கோட்டு சூட்டு போட்ட ஒருத்தன் தூக்குல தொங்கறான், கையில ஒரு ரோஜா. பின்னாடி முழுக்க சூரியக் கதிர். மேல ஃபூஜி மலை, அதுகிட்ட ஷின்கான்சென் புல்லட் ரயில், இன்னொரு பக்கம் அணுகுண்டு காளான் மேகம். கீழ அவரோட சொந்தக் குழந்தைப் பருவ ஃபோட்டோ, பள்ளிக்கூட குரூப் ஃபோட்டோ, அதும்மேல ஒரு அசிங்கமான கை சைகை. 29 வயசுல உச்சம் தொட்டுட்டேன், செத்துட்டேன்னு அர்த்தம் வர்ற தலைப்பு. மேல பெருசா "மேட் இன் ஜப்பான்"னு ஆங்கிலத்துல போட்டிருப்பாரு.

இப்ப இதுல எத்தனை ஊர் இருக்குன்னு பாருங்க. கெட்டிக் கறுப்புக் கோட்டுக்குள்ள தட்டையா கலர் நிரப்பறது உக்கியோ-எங்கற பழைய ஜப்பானிய மர அச்சுலேர்ந்தும் வருது, அமெரிக்க காமிக்ஸ்லேர்ந்தும் வருது. படத்துத் துண்டுகளைக் கலைச்சு மூலைக்கு மூலை வைக்கற சுதந்திரம் நியூயார்க் புஷ்பின் ஸ்டுடியோ மாதிரி ஆட்கள்கிட்டேர்ந்து வருது, மில்டன் கிளேசர், சீமோர் க்வாஸ்ட் எல்லாம் அங்கதான் இருந்தாங்க. கதிர் ஜப்பானிய ராணுவக் கொடியிலயும் இருக்கு, பழைய விளம்பர லேபிள்லயும் இருக்கு. ஜப்பான் ஆட்சிக்குக் கீழ அவதிப்பட்ட கொரியாக்காரர் கண்ணுக்கு அந்தக் கதிர் சும்மா டிசைன் கிடையாது, அது காயம். நம்ம ஊர்ல உதயசூரியன்னா வேற அரசியல், அது தனிக் கதை. ஆக அவரு எடுத்துப் போட்ட ஒவ்வொரு துண்டும் ஏற்கனவே ஒரு பாரத்தோடதான் வந்து உக்காருது, அதோட அவரு கழுத்துலயே கயிறும் இருக்கு. பகட்டான ஜப்பானையும் கேலி பண்றாரு, கூடவே தன்னையும் சேத்துத்தான் கேலி பண்றாரு. எழுத்தாளர் யுகியோ மிஷிமா இவரைப் பத்தி எழுதினப்போ, ஜப்பானியர்களான நாம உள்ளுக்குள்ள வச்சிருக்கற, வெளிய காட்ட சகிக்காத விஷயத்தையெல்லாம் இந்த ஆள் எடுத்துக் காட்டிடறாருங்கற மாதிரி சொல்லியிருக்காரு. எனக்கு இதைவிட நல்லா சொல்லத் தெரியாது.

அதே 1965-ல, புடோங்கற ஜப்பானிய நவீன நடனத்தோட கலைஞர் தத்சுமி ஹிஜிகாடாவோட நிகழ்ச்சிக்கு ஒரு போஸ்டர் போட்டாரு. அதுல மர அச்சு ஓவியர் ஹொகுசாயோட பிரபலமான அலை இருக்கு, ஷின்கான்சென் இருக்கு, கூடவே 16-ம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியத்துலேர்ந்து குளியல் தொட்டியில இருக்கற ரெண்டு பெண்களும் இருக்காங்க, லூவர் மியூசியத்துல இருக்கற படம் அது. அலையும் ஐரோப்பிய ஓவியமும் ஒரே தாள்ல! நீங்க பண்ண கலவை மாதிரியேதான? ஆனா அது ஒட்டு வேலையா தெரியாது. ஏன்னு யோசிச்சா, பாதி காரணம் அச்சு வேலையிலதான் இருக்குன்னு எனக்குத் தோணுது, யோகோவைப் பத்திப் பேசறவங்க பெரும்பாலும் தத்துவத்துக்குப் போயிடறாங்க, இதைச் சொல்றதே இல்ல.

அவரு கலர்ல பெயின்ட் பண்ணி அதை ஃபோட்டோ எடுத்து அச்சடிக்கல. கறுப்புக் கோட்டுல மட்டும் மூலப்படம் வரைவாரு, ஃபோட்டோ தேவைன்னா கறுப்பு வெள்ளையில ஒட்டுவாரு, மேல ஒரு ட்ரேசிங் பேப்பரைப் போட்டு இந்த இடத்துல சியான்கற நீலம் இத்தனை சதவீதம், மஜென்டாங்கற ரோஸ் சிவப்பு இத்தனை, மஞ்சள் இத்தனைன்னு பேனாவால குறிச்சுக் கொடுப்பாரு. கலரைப் பிரிச்சு பிளேட் போடறது அச்சகத்து ஆளுங்க வேலை. அதாவது ப்ரூஃப், சோதனைக்கு அடிக்கற முதல் பிரதி, வர்ற வரைக்கும் படத்தோட கலரை அவரே கண்ணால பாத்திருக்க மாட்டாரு, மனசுக்குள்ளதான் ஓட்டிப் பாக்கணும். கம்ப்யூட்டருக்கு முன்னாடி நாங்களும் எந்த மை எத்தனை சதவீதம்னா என்ன கலர் வரும்னு காட்டற டின்ட் சார்ட்டைப் பக்கத்துல வச்சுக்கிட்டு இப்படித்தான் குறிச்சுக் கொடுப்போம், மிஷின்மேன் மூடு சரியில்லன்னா ஆரஞ்சு செங்கல் கலராகிடும், அது வேற விஷயம். இந்த முறையால என்ன நடக்குதுன்னா, ஹொகுசாய் அலையாகட்டும், பிரெஞ்சு ஓவியமாகட்டும், எல்லாமே முதல்ல அவரோட கையால கறுப்புக் கோடா மாறியாகணும், அப்புறம் ஒரே அச்சு மையில குளிச்சு எழுந்தாகணும். எண்ணெய் ஓவியத்தோட மெத்துன்னு இருக்கற நிழல் போயிடும், மர அச்சோட ரேகை போயிடும், ரெண்டும் ஒரே பகட்டுல பக்கத்துல பக்கத்துல நிக்கும், ஒண்ணு உசத்தி ஒண்ணு மட்டம்னு இருக்காது. இப்ப நாம பண்றது எப்படி? அலை ஒரு ஜேபெக், கூத்து முகம் ஒரு டிஎஸ்எல்ஆர் ஃபோட்டோ, ஃபோட்டோஷாப்ல ரெண்டு லேயர், ஒரு ப்ளெண்டிங் மோடு. ரெண்டும் வேற வேற ஊர்லேர்ந்து வந்த பார்சல் மாதிரி பிரிக்காமலே கிடக்கும். உங்க லெக்சரர் சொன்னதுல ஞாயம் இருந்தா அது இதுவாத்தான் இருக்கும்னு நினைக்கறேன், நான் உங்க வேலையைப் பாக்கல.

இப்ப திருட்டுக்கு வர்றேன். "நம்ம படத்தை அவன் எடுத்துட்டான்"னு சொல்றப்போ அந்த "நம்ம"வைக் கொஞ்சம் கிண்டிப் பாக்கணும். ரவி வர்மா 1894-ல பம்பாய்ல ஜெர்மன் தொழில்நுட்ப ஆட்களை வச்சு லித்தோ (கல் அச்சு) பிரஸ் ஆரம்பிச்சாரு, அங்கேர்ந்து வந்த லக்ஷ்மியும் சரஸ்வதியும் ஐரோப்பிய எண்ணெய் ஓவிய பாணியில ஒளியும் நிழலுமா வரைஞ்சது. அதுக்கப்புறம் நம்ம பக்கம் கோவில்பட்டியில ஓவியர் கொண்டையராஜுவும் அவரோட சிஷ்யர்களும் நாடகக் கம்பெனிக்கு சீன் படுதா வரைஞ்ச கையோட சிவகாசி பிரஸ்களுக்கு சாமிப்படம் வரைஞ்சாங்க. முருகனுக்குப் பின்னாடி இருக்கற அந்த நீல மலை, வழவழன்னு தூண், மடிப்பு மடிப்பா வெல்வெட் திரை, இதெல்லாம் எந்த ஆகமத்துலயும் கிடையாது, படுதாவுலேர்ந்தும் ஐரோப்பிய ஓவியத்துலேர்ந்தும் வந்தது. அந்தப் பக்கம் ஜப்பான்லயும் இதே கதைதான். ஹொகுசாயோட பேரலை 1831 வாக்குல வந்தது, அதுல இருக்கற நீலம் ப்ரஷ்யன் ப்ளூ, ஐரோப்பாவுலேர்ந்து இறக்குமதியான சாயம், அலைக்கு அடியில ஃபூஜி மலை சின்னதா தூரத்துல போய் நிக்குது பாருங்க, அதுலயும் தூரத்துல இருக்கறதைச் சின்னதாக் காட்டற மேற்கத்திய பெர்ஸ்பெக்டிவ் கலந்திருக்கு. சுத்தமான பால்னு எங்கயும் கிடையாது.

இன்னொரு விஷயம், இது எனக்கு ரொம்பப் பிடிச்சது. சிவகாசியில தீப்பெட்டித் தொழில் வேர் விடறதுக்கு முன்னாடி இந்தியாவுல எரிஞ்ச தீக்குச்சியில பெரும் பங்கு ஸ்வீடன்லேர்ந்தும் ஜப்பான்லேர்ந்தும் வந்ததுதான், ஜப்பான்ல அந்தத் தொழிலோட மையம் கோபே, ஹிமேஜி பக்கம், அதாவது யோகோ பிறந்த அதே ஹ்யோகோ மாகாணம். இந்திய சந்தைக்காக அங்கயே யானையும் நம்ம சாமிகளும் போட்ட லேபிள் அச்சாகியிருக்கு, பழைய தீப்பெட்டி லேபிள் சேக்கறவங்க கிட்ட பாக்கலாம். யோகோ அதைப் பாத்து வளந்தாருன்னு கதை கட்டிடாதீங்க, அவரு பிறக்கறப்போ அந்த வியாபாரம் ஏறக்குறைய முடிஞ்சு போச்சு. ரெண்டு ஊரோட மலிவு அச்சும் நாம நினைக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே கொடுக்கல் வாங்கல்ல இருந்துச்சு, அவ்வளவுதான் நான் சொல்ல வர்றது.

அதுக்காக எல்லாமே கலப்பு, யாரு எதை வேணா எடுக்கலாம்னு நான் சொல்லல. அறுபதுகள் கடைசியில பீட்டில்ஸ் ரிஷிகேஷ் போனதுலேர்ந்து உலகம் பூரா ஒரு இந்தியப் பைத்தியம் பிடிச்சுது, யோகோவும் அதுக்குத் தப்பல. 1970-ல மிஷிமா வயித்தைக் கிழிச்சு செத்தாரு, யோகோவுக்கே அந்த வருஷம் ஒரு கார் விபத்து, அதுக்கப்புறம் ஆன்மிகம், பறக்கும் தட்டு, பூமிக்கடியில இருக்கற ரகசிய நகரம்னு அவரோட படத்துல எல்லாம் வர ஆரம்பிக்குது. குழுவோட தலைவர் கார்லோஸ் சாண்டானா அப்போ ஸ்ரீ சின்மாய்ங்கற இந்திய ஆன்மிக குருவோட சிஷ்யர், தேவதீப்னு பேரு கூட வச்சிருந்தாரு. 1973 ஜூலையில ஒசாகாவுல வாசிச்ச கச்சேரி, 1974-ல ஜப்பான்ல மூணு இசைத்தட்டா வந்தது, அதோட உறை விரிச்சா 22 பக்கமா நீளும். செல்ஃபோன்ல சதுரமா பாத்துட்டு முடிவு பண்ணாதீங்க, அது கையால பிரிச்சுப் பிரிச்சுப் பாக்கறதுக்காகப் பண்ணது, ஒரு மடிப்பைத் திறந்தா இன்னொண்ணு. ஒரு பொருளா அது அற்புதம். ஆனா படமா கேட்டா, 1965 போஸ்டர் பக்கத்துல வச்சா எனக்கு அது ஒரு படி கீழதான். காரணம் எளிமையானது. அந்த போஸ்டர்ல அவரு பணயம் வைக்க ஏதோ இருந்துச்சு, தன் ஊர், தன் அசிங்கம், தன் குழந்தை ஃபோட்டோ. லோட்டஸ்ல தெய்வங்கள் எல்லாம் அழகா, அமைதியா, பகட்டா வந்து நிக்கறாங்க, அவங்க கூட அவருக்கு ஒரு சண்டையும் இல்ல. பக்தின்னு எடுத்துக்கிட்டா பக்தி, விருந்தாளிக் கண்ணுன்னு சொன்னா அதுவும் சரிதான். திருட்டுன்னு சொல்ல மட்டும் எனக்கு மனசு வரல. யாரோட பிழைப்பையும் அவரு பறிக்கல, இதை நான்தான் கண்டுபிடிச்சேன்னும் சொல்லிக்கல, புனிதமானதை வேணும்னே கேவலப்படுத்தவும் இல்ல. இதுல நாம ரெண்டு பேரும் வேற வேற முடிவுக்கு வரலாம், தப்பில்ல.

சாமிப்படத்தைவிட அவரு இந்தியாவை நல்லாப் புரிஞ்சுக்கிட்டதா எனக்குத் தோணற வேலை இன்னொண்ணு இருக்கு, அதிகம் பேரு கவனிக்காதது. எழுபதுகள்ல அவரு பல தடவை இந்தியா வந்தாரு, ஒரு தடவை கூட வந்தவரு இசைக்கலைஞர் ஹருவோமி ஹொசோனோ. அந்தப் பயணத்தோட விளைவா 1978-ல கொச்சின் மூன்னு ஒரு ஆல்பம் வந்தது, ரெண்டு பேர் பேருலயும். இசை எலக்ட்ரானிக், அது ஹொசோனோவோட வேலை, கவர் யோகோவோடது. கவர்ல எந்த சாமியும் கிடையாது, நம்ம சினிமா போஸ்டர் பாணி! ஒரு பாட்டு பேரு மஞ்சள்காமாலை மாதிரி கல்லீரல் வியாதியோட பேரு, இன்னொண்ணோட பேருல மெட்ராஸ் கான்சல் ஜெனரல் மேடம் வர்றாங்க. தலைப்பைப் படிச்சாலே தெரியுது, ஞானம் தேடி வந்தவங்களுக்கு இங்க வயிறுதான் முதல்ல பாடம் நடத்தியிருக்கு. துணி லேபிள் பாத்து வளந்த ஆளு நம்ம ஊருக்கு வந்து சுவத்துல ஒட்டுன சினிமா போஸ்டர்ல தன் சொந்தக்காரனைக் கண்டுபிடிச்சிருக்காரு. கோயிலைப் பாக்கறதுக்கு எல்லாரும்தான் வர்றாங்க, நம்ம மலிவு அச்சை மதிச்சுப் பாத்த வெளியூர் டிசைனர் எத்தனை பேரு?

மிச்சத்தை வேகமா சொல்லிடறேன். நியூயார்க் மோமா, அதாவது அங்க இருக்கற நவீன கலை மியூசியம், 1972-லயே அவருக்குத் தனிக் கண்காட்சி வச்சுது, 1980-ல அங்கயே பிக்காசோ கண்காட்சியைப் பாத்துட்டு டிசைனை விட்டு ஓவியத்துக்குத் திரும்பிட்டாரு, 2012-ல கோபேயில அவரு பேர்லயே மியூசியம் திறந்தாங்க. ஓவியங்களைப் பத்தி எனக்குப் பெருசா கருத்து இல்ல, என் கண்ணு அச்சுத் தாள்லயே நின்னு போச்சு.

இப்ப உங்க ப்ராஜெக்ட். கூத்து முகத்தை நீங்க ஏன் எடுத்தீங்க? உங்க ஊர்ல கூத்து நடக்குமா, விடிய விடிய உக்காந்து பாத்திருக்கீங்களா, இல்ல தமிழ் அடையாளம்னா ஒரு கூத்து முகம் வேணும்னு எடுத்தீங்களா? ரெண்டாவதுன்னா அது ஜப்பான் அலையை விட உங்களுக்கு தூரமான பொருள், நம்ம ஊர்ங்கறதால மட்டும் அது நம்ம கைக்குள்ள வந்துடாது. அலைக்கும் அதேதான், எல்லா டீ ஷர்ட்லயும் இருக்கற அந்த அலையைத் திரும்ப எடுக்க உங்களுக்கு ஒரு காரணம் இருக்கணும். சுனாமி உங்களுக்குக் காரணமா இருக்கலாம், பட்டினப்பாக்கத்துல வீட்டு வாசல் வரைக்கும் கடல் வர்றது காரணமா இருக்கலாம், அப்ப அந்த அலை வேற அலையாயிடும். கட்டை வேஷத்துல கிரீடம், புஜம், மார்புக்கட்டைன்னு மரத்துல கண்ணாடித் துண்டு பதிச்சுப் போடுவாங்க பாருங்க, அதைக் கிட்ட போய்ப் பாருங்க, முகத்தைவிட அதுலதான் டிசைன் இருக்கு. அதைவிட முக்கியம், கூத்து நோட்டீஸைத் தேடிப் பிடிங்க, ரோஸ் கலர்லயும் மஞ்சள்லயும் மெல்லிசான தாள்ல ஒரே மையில அடிச்சிருப்பாங்க, நடிகர் பேரு, வேஷம், உபயம்னு இண்டு இடுக்கு விடாம எழுத்து நெருக்கியிருக்கும். யோகோவுக்கு துணி லேபிள் எப்படியோ உங்களுக்கு இது அப்படி ஆகலாம்னு தோணுது, ஆகாமலும் போகலாம், பாத்தாதான் தெரியும்.

ஒண்ணு மட்டும் பண்ணிப் பாருங்க. இப்ப இருக்கற ஃபைலை மூடி வச்சுட்டு, அதே ரெண்டு படத்தையும் நீங்களே கறுப்பு மையில பேப்பர்ல வரைங்க, ட்ரேசிங் கிடையாது, கண்ணால பாத்து. நல்லா வரலன்னா பரவால்ல. அதை ஸ்கேன் பண்ணி ரெண்டே கலர், ஒரு சிவப்பு ஒரு நீலம், ஸ்கிரீன் பிரிண்ட் அடிக்கற ஆளுகிட்ட கொடுத்து ரோஸ் தாள்ல பத்து காப்பி எடுங்க. ரெஜிஸ்டர் கொஞ்சம் விலகி ரெண்டு கலரும் சரியா ஒண்ணு மேல ஒண்ணு உக்காரலன்னா திட்டாதீங்க, அப்படியே வாங்கிட்டு வாங்க. அப்புறம் அந்தத் தாளையும் பழைய வேலையையும் பக்கத்துல வச்சு ஃபோட்டோ எடுத்து இங்க போடுங்க, பாத்துட்டு சொல்றேன்.